உயிர் காலேஜுக்குப் போன ஞாயித்துக்கிழமை

எங்க வீட்டுல ரெண்டு மாசம் நான்தான் தபால்காரி. அப்பாவும் அக்காவும் ஒரே ரூம்ல நாலடி தூரத்துல உக்காந்திருப்பாங்க. "உங்கக்காவ அந்த ஃபேனைப் போடச் சொல்லு"ம்பாரு அப்பா. "அக்கா, ஃபேனைப் போடணுமாம்"னு நான் சொல்லணும். அக்கா எழுந்து போடுவா. "போட்டாச்சுன்னு சொல்லு"ம்பா. காது நல்லா கேக்குற ரெண்டு பேருக்கு நடுவுல நான் ஒருத்தி கத்திகினு கெடந்தேன். பன்னெண்டு வயசுல எனக்குத் தொண்டை கட்டினதுக்கு அதுதான் காரணம்னு இன்னிக்கும் சொல்லுவேன்.

அப்ப நாங்க ஆவடி சேக்காட்டுல இருந்தோம். எண்பதுகளோட பின்பாதி. அப்பா அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில கலாசி. பெரிய பெரிய மெஷினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, நகத்தி, எறக்கி வைக்கிற வேல. படிச்சது அஞ்சாவது. அக்கா ப்ளஸ் டூவுல ஸ்கூலுக்கே ரெண்டாவதா வந்தா. அப்பாவுக்கு கால் தரையில நிக்கல. ஷிப்ட்டு முடிஞ்ச கையோட ஒரு காலேஜ்ல போய் வரிசையில நின்னு அப்ளிகேஷன் வாங்கிகினு வந்தாரு. கிரீஸ் கை பட்டுடக் கூடாதுன்னு அதை டிபன் டப்பாவுக்குள்ள வெச்சு எடுத்தாந்தாரு.

அன்னிக்குத்தான் அக்கா சொன்னா. "நான் காலேஜ் போவலப்பா. மடத்துல சேந்து சிஸ்டரா போறேன்."

எங்க கோயில்ல இதை தேவ அழைத்தல்னு சொல்லுவாங்க. அப்பா கேட்டாரு: "அழைச்சாங்களா? யாரு அழைச்சாங்க? நான் பக்கத்துலதானே படுத்துகினு கீறேன், எனக்கு ஒண்ணும் கேக்கலையே?" அம்மாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அப்பா சிரிக்க வைக்கறதுக்காகச் சொல்லல. டிபன் டப்பாவை டொப்புன்னு மூடினாரு. "கலாசி பொண்ணு காலேஜுக்குப் போவும்னு நான் பாத்துகினு இருந்தா, இவ செத்த காலேஜுக்குப் போறாளாம்!"

அதுதான் கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் எல்லாம் என் வழியாத்தான்.

செத்த காலேஜுன்னா மியூசியம். உயிர் காலேஜுன்னா மிருகக்காட்சி சாலை. மெட்ராஸ்காரங்க அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. ஒண்ணுல எல்லாம் உயிரோட இருக்கும், இன்னொண்ணுல எல்லாம் செத்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும். காலேஜ் வாசப்படியை மிதிக்காத ஜனங்க அந்த ரெண்டையும் காலேஜுன்னு கூப்பிட்டாங்க. அப்பா மனசுல மடம் எந்தப் பக்கம்னு அந்த ஒரு வார்த்தையில எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

மடத்து மதர் கறாராச் சொல்லிட்டாங்க. அப்பா கையெழுத்து இல்லாம சேத்துக்க மாட்டோம், இந்த வருஷம் சேர்ற பொண்ணுங்களோட சேரணும்னா அடுத்த மாசம் ஒரு திங்கக்கிழமைதான் கடைசி. அந்தச் சம்மதக் கடிதம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல அம்மாவோட கூடைப்பைக்குள்ளயே ஒரு மாசமா சுத்திகினு இருந்துச்சு. ரேஷன் கடைக்கும் வந்துச்சு, மீன் மார்க்கெட்டுக்கும் வந்துச்சு. அப்பா கையெழுத்துப் போடவும் இல்ல, போட மாட்டேன்னும் சொல்லல. பெட்டிக்கடைக்காரர் தினம் "பெரிய பொண்ணு எந்தக் காலேஜுண்ணா?"ன்னு கேக்குறாருன்னு, பீடி வாங்க வேற கடைக்கு அரை மைல் சுத்திப் போனாரு.

இங்க நான் ஒரு பாவத்தைச் சொல்லணும். ஒருநாள் சாயங்காலம் அக்கா என்னைத் தனியா கூப்பிட்டா. "அப்பாகிட்ட கேட்டுட்டு வா. கையெழுத்துப் போடுவீங்களான்னு கேளு. மரியாதையா கேக்கணும், உன் பாணியில கேக்காத." நான் போனேன். அப்பா இருந்த எடத்துக்குப் போவல. பின்னாடி பைப்படிக்குப் போய் கால் கழுவினேன். திரும்பக் கழுவினேன். வந்து, "மாட்டாராம்"னு சொல்லிட்டேன்.

அக்கா என்னை முன்னாடி உக்கார வெச்சு, பாதியில விட்டிருந்த தலைச் சிக்கைத் தொடந்து எடுத்தா.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டா, எனக்கு அக்கா வேணும். அவ்ளோதான். அவ பாயிலதான் நான் படுப்பேன், அவதான் எனக்குக் கணக்கு போட்டுத் தருவா. ஆண்டவருக்கு உலகத்துல ஆயிரம் பேர் இருக்காங்க, எனக்கு இவ ஒருத்திதானேன்னு கோவம். பாவசங்கீர்த்தனத்துல கூட அதைச் சொல்லல. சாமியார் குரலைக் கண்டுபுடிச்சிடுவாரு.

அந்தக் கடைசித் திங்கக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். அப்பா சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிகினே சொன்னாரு: "உங்கக்காவ நாளைக்கு ரெடியா இருக்கச் சொல்லு. உயிர் காலேஜ் பாக்கப் போறோம்."

எனக்கு வாய் பிளந்துடுச்சு. அக்கா சின்னப் பொண்ணா கோயில்ல மொத தடவை நன்மை வாங்கின வருஷம், அந்தப் புதுநன்மை அன்னிக்கு அப்பா குடுத்த வாக்கு அது. "சிங்கம் கத்துச்சுன்னா சென்ட்ரல் ஸ்டேஷன் பிளாட்பாரம் வரைக்கும் கேக்கும், பாக்கறியா?"ன்னு சொல்லி, அப்பாவே கத்தியும் காட்டுவாரு. கல்யாணமான புதுசுல அம்மாவைக் கூட்டிகினு போனதோட சரி, அப்புறம் அந்தப் பக்கமே போவல. வருஷா வருஷம் ஓவர்டைம், இல்லன்னா யாருக்காவது காய்ச்சல். சிங்கம் எங்களுக்காகக் காத்துகினே இருந்துச்சு.

நான் தபாலைக் குடுத்தேன். அக்கா வாயைத் திறந்தா, மூடினா. அப்பா முதுகையே பாத்தா. அப்புறம், "வரேன்னு சொல்லு"ன்னா.

காலையில மொத பூசை முடிச்சு, எலுமிச்ச சாதம், உருளைக்கெழங்கு, அவிச்ச முட்டை எல்லாம் கட்டிகினு ரயில் ஏறினோம். ஆவடிக்காரங்க நாங்க, "மெட்ராஸ் போறோம்"னுதான் சொல்லுவோம், என்னவோ வேற தேசம் மாதிரி. அப்பா ஈஸ்டருக்குப் போடுற வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. "உங்கக்காவ ஜன்னலோரம் உக்காரச் சொல்லு"ன்னாரு. சொன்னேன். உக்காந்தா.

சென்ட்ரல்ல எறங்கி அப்பா முன்னாடி விறுவிறுன்னு நடந்தாரு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி. ஸ்டேஷனைச் சுத்திகினு பின்பக்கம் போனோம். தகரத் தடுப்பு. இன்னொரு பக்கம் போனோம். மண்ணு குமிஞ்சு கெடந்துச்சு. அப்பா நின்னு மூக்கை உறிஞ்சினாரு. "வாசனையே வரலையே. தெருமுனையிலயே புலி வாசனை அடிக்குமே."

ஒரு வேர்க்கடலை வண்டிக்காரர்கிட்ட கேட்டாரு. அவர் கரண்டியைச் சட்டியில தட்டறதை நிறுத்திட்டு எங்க நாலு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு.

"இன்னா நைனா, எந்தக் காலத்துல கீறே? உயிர் காலேஜு வண்டலூருக்குப் பூட்ச்சே! சிங்கம், புலி, கொரங்கு அல்லாம் லாரி ஏறிப் போயி வருசமாச்சு. ஊரு ஒலகத்துக்கே தெரியுமே!"

ஊரு உலகத்துக்கே தெரிஞ்சது எங்க வீட்டுக்கு மட்டும் தெரியல. அப்பாவுக்கு கம்பெனி, கோயில், வீடு. மூணுத்துலயும் சிங்கத்தைப் பத்தி யாரும் பேசல. அவர் வெள்ளைச் சட்டையோட அந்த மண்ணுமேட்டைப் பாத்துகினு நின்னாரு.

அம்மாவுக்கு அதிர்ச்சி, எனக்கு அதிர்ச்சி. அக்கா மூஞ்சியில மட்டும் ஒண்ணும் இல்ல. எனக்குப் பொறி தட்டுச்சு. கிட்டப் போய், "உனக்கு மொதல்லயே தெரியுமாடி?"ன்னு கேட்டேன்.

"பேப்பர்ல வந்துச்சு."

"அப்ப நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"ரெண்டு மாசத்துல அப்பா என்னைக் கூப்ட்டது இதுக்கு ஒண்ணுக்குத்தான். அதையும் இல்லன்னு சொல்லவா?"

வண்டிக்காரர் பாவப்பட்டு, ஆளுக்கு ரெண்டு கடலையை எங்க கையில போட்டாரு. "இவ்ளோ தூரம் வந்துட்டீங்கோ. செத்த காலேஜுதான் கீது, எக்மோர்ல. போய்ப் பாருங்கோ."

செத்த காலேஜ். அம்மா முந்தானையை வாயில வெச்சுகினா. அப்பா கடலைத் தோலை ஊதினாரு, ஊதினாரு, அப்படி ஊதினாரு. எல்லாம் எப்பவோ பறந்துபோச்சு.

அக்காதான் பேசினா. "அப்பாகிட்ட சொல்லு. செத்த காலேஜே பாக்கலாம்னு."

நான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல.

பூந்தமல்லி ரோடு வழியா நடந்தோம். பாதியில அம்மா செருப்பு வாரு அறுந்துடுச்சு, ஊக்கு குத்திகினு நொண்டினா. "இந்த ரோட்டுலயே நேரா நடந்தா பூந்தமல்லி வந்துடும், அங்கேர்ந்து வீட்டுக்கே போயிடலாம். சிங்கத்தைப் பாக்க வந்த மூஞ்சியப் பாரு"ன்னு அப்பாவை விளாசினா. அப்பா கேட்டுகினே நடந்தாரு. எப்பவும் ஒண்ணுக்கு நாலு குடுக்குற மனுஷன். மியூசியம் மரத்தடியில சாப்பிட்டப்ப, தன் முட்டையை எடுத்து என் தட்டுல வெச்சு, "உங்கக்காவுக்குக் குடு"ன்னாரு. குடுத்தேன். அக்கா அதைப் பிச்சு பாதியை என்கிட்ட குடுத்து, "அப்பாவுக்குக் குடு"ன்னா. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பாதியை நானே தின்னுட்டேன்.

உள்ள போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள புலி, மான், பறவை. புலிக்குக் கோலிகுண்டு கண்ணு. அடுத்த ஹால்ல திமிங்கிலம். எலும்பு மட்டும். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மேல தொங்குது. அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு. அண்ணாந்து பாத்துகினு கம்பி எங்கெங்க கட்டியிருக்கு, பாரம் எங்க எறங்குதுன்னு கலாசி கணக்கு போட ஆரம்பிச்சுட்டாரு. "ஒரு எலும்பு கூட கோணல. தூக்கினவன் எவனோ, கில்லாடி"ன்னு தனக்குத்தானே சொல்லிகினாரு.

அப்பத்தான் ஊர்ப்பக்கத்துலேர்ந்து வந்த ஒரு அம்மா, இடுப்புல ஒண்ணும் கையில ரெண்டுமா பசங்களோட, அக்காகிட்ட வந்தாங்க. "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கியே, இது இன்னாம்மா? மீனா?"

அக்கா இங்கிலீஷ்ல இருந்த பலகையைப் படிச்சா. "மீன் இல்லங்கம்மா. குட்டி போடும். குட்டிக்குப் பால் குடுக்கும், நம்மள மாதிரியே."

"பாலா? கடலுக்குள்ளாறயா? யம்மாடியோ!"

அவ்ளோதான், பசங்க பிடிச்சுகினாங்க. எவ்ளோ பால், பல்லு இருக்கா, ஆளை முழுங்குமா. அக்கா ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னா. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா. எனக்குக் கணக்கு சொல்லித் தர்ற அதே குரல், அதே விரல். பராக்கு பாத்துகினு போனவங்க எல்லாம் நின்னாங்க. பத்துப் பேரு, பதினஞ்சு பேரு. எனக்குப் பெருமை ஒரு பக்கம், 'என் அக்காடா, போங்கடா அந்தப் பக்கம்'னு வயித்தெரிச்சல் ஒரு பக்கம்.

அப்பா அண்ணாந்திருந்த தலையைக் கீழ எறக்கினாரு. கூட்டத்துக்குப் பின்னாடி வந்து, கோயில்ல கடைசியில நிப்பாரே, அதே மாதிரி கை கட்டிகினு நின்னாரு. பக்கத்துல ஒரு பெரியவர், "அந்தப் பொண்ணு இங்க டீச்சரா?"ன்னு அப்பாகிட்டயே கேட்டாரு. அப்பா தொண்டையைச் செருமினாரு. கூட்டத்துத் தலைக்கு மேல, கம்பெனியில கிரேன்காரனைக் கூப்பிடுற கொரல்ல கேட்டாரு:

"இது தண்ணிக்குள்ளயே கீதே, அப்ப மூச்சு எப்படி வுடும்?"

அக்கா திரும்பினா. நான் பழக்க தோஷத்துல, "அக்கா, அது எப்படி மூச்..."னு ஆரம்பிச்சுட்டேன். அம்மா என் தொடையில நறுக்குன்னு கிள்ளினா.

அக்கா அப்பாவை நேரா பாத்து சொன்னா. "மேல வந்து வுடும்பா. எவ்ளோ ஆழத்துல இருந்தாலும், எவ்ளோ நேரம் அடக்கினாலும், மூச்சு வுட மேல வந்துதான் ஆவணும்."

அப்பா தலையை ஆட்டினாரு. ரொம்ப நேரம் ஆட்டினாரு. என் தபால் வேலை அன்னிக்குப் பிற்பகல் அந்தத் திமிங்கிலத்துக்கு அடியில முடிஞ்சுபோச்சு.

திரும்பி வர்றப்ப ரயில்ல சரியான கூட்டம். உக்கார எடமில்ல, கதவோரம் நாலு பேரும் நெருக்கிகினு நின்னோம். பெரம்பூர் தாண்டினதும் அப்பா அக்காகிட்டயே கேட்டாரு, "அங்க படிக்க வெப்பாங்களா?"

"வெப்பாங்கப்பா. காலேஜுக்கே அனுப்புவாங்க. டீச்சர் ஆக்கணும்னு மதர் சொன்னாங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் பேசவே விடலையே."

"சரி, கையெழுத்து வேணும்னு ஒரு தடவையாச்சும் கேட்டியா நீ? உங்கம்மாவும் பையில வெச்சு ஊரு சுத்தறா, நீயும் வாயத் திறக்கல. கேக்கட்டும்னுதானே நான் இருந்தேன்."

"கேட்டேனேப்பா. இவகிட்டத்தான் கேட்டனுப்பினேன். மாட்டேன்னு சொல்லிட்டியாமே."

மூணு பேரும் என்னைப் பாத்தாங்க. ஓடுற ரயில்லேர்ந்து குதிச்சுடலாமான்னு இருந்துச்சு. என் முழியே எல்லாத்தையும் சொல்லிடுச்சு போல. அக்கா கண்ணுல தண்ணி நின்னுச்சு, அதுலயும் லேசா சிரிச்சா. அது அறைஞ்சதை விட மோசம்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. "குனி"ன்னாரு.

முதுகுல ஒண்ணு வைக்கப் போறாருன்னு பல்லைக் கடிச்சுகினு குனிஞ்சேன். அடி விழல. தாள் விழுந்துச்சு. அம்மா பிளாஸ்டிக் கவரைப் பிரிக்குற சத்தம் கேட்டுச்சு. "இப்பவே போட்டுடறேன். வீட்டுக்குப் போனா கை வராது"ன்னாரு அப்பா. அக்கா பேனா குடுத்தா. ரயில் ஆடுது. அப்பா எழுதல. சுமை ஆடுறப்ப எறக்க மாட்டாரு, அது அவர் தொழில். "வண்டி நிக்கட்டும்"னாரு.

இனிஷியலோட சேத்து அப்பா பேர்ல ஏழு எழுத்து. வில்லிவாக்கத்துல நின்னப்ப இனிஷியலும் புள்ளியும் போட்டாரு. கொரட்டூர்ல ரெண்டு எழுத்து. பட்டரவாக்கத்துல ரெண்டு. ஒவ்வொரு எழுத்தும் சட்டைக்கு மேல என் முதுகுல அழுந்துச்சு, சுழி, வளைவு, கொம்பு எல்லாம் தெரிஞ்சுது. நடுவுல ரயில் ஓடுறப்ப பேனாவைத் தூக்கிகினு காத்திருப்பாரு, நான் குனிஞ்சபடியே நிப்பேன். ஒரு ஆட்டு ஆட்டினா போதும், தாள் கிழிஞ்சிடும். நாளைக்குத் திங்கக்கிழமை. வேற தாள் கெடையாது. அக்கா போவ மாட்டா, அதே பாய், அதே கணக்கு. தோணுச்சு, தோணலன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அம்பத்தூர்ல வண்டி நின்னுச்சு. நான் மூச்சைப் புடிச்சுகினேன். கடைசி ரெண்டு எழுத்தும் விழுந்துச்சு. நான் அசையல.

"போதும், நிமிரு"ன்னாரு அப்பா.

ஆவடியில எறங்கி, ரெண்டு மாசமா எட்டிப் பாக்காத அந்தப் பெட்டிக்கடைக்கு நேரா போனாரு. "இன்னாண்ணா, ஆளையே காணோம்?"னு ஆரம்பிச்சு, கடைக்காரர் வழக்கமா கேக்குறதைக் கேட்டாரு. "பெரிய பொண்ணு எந்தக் காலேஜுன்னு சொல்லவே இல்லியே?"

அப்பா பீடியைப் பத்த வெச்சாரு. "உயிர் காலேஜு."

"அது வண்டலூருக்குப் பூட்ச்சேண்ணா!"

"எங்கனா போவட்டும். எம்பொண்ணு கண்டுபுடிச்சுப் போயிடும்."

அம்மா நொண்டிகினே சிரிச்சா. சேக்காட்டுக்குத் திரும்புற சந்துல அக்கா என் பக்கத்துல வந்து, எழுத்து அழுந்தின எடத்துல கைய வெச்சு மெதுவா தேய்ச்சு விட்டா.

"வலிக்குதா?"ன்னு கேட்டா.

"ஆமாக்கா"ன்னேன். இந்தத் தடவை பொய் சொல்லல.